கென்சிங்டன் சந்தை: உப்பு மீனும் பழைய கோட்டும் கடை வாடகையும்

மேற்கே பாதர்ஸ்ட், கிழக்கே ஸ்பாடைனா, வடக்கே கொலிஜ், தெற்கே டண்டாஸ். ரொறன்ரோ நகர நடுவில் இந்த நாலு பெரிய வீதிகளுக்குள் அடங்கிக் கிடக்கிற சின்னத் தெருக்கள்தான் கென்சிங்டன் சந்தை. சந்தை என்றதும் ஒரு கூரையையும் வரிசையான கொட்டில்களையும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே இருப்பவை பழைய வீடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய ஒடுக்கமான வீடுகளின் முன்பக்கத்தைக் கடையாக்கி, முற்றத்துக்கு மேலே ஒரு சாய்ப்பு இறக்கி, மாடியில் குடியிருந்துகொண்டே வியாபாரம் செய்த இடம். இன்றைக்கும் தலையை நிமிர்த்திப் பார்த்தால் பழக்கடைப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அந்த வீட்டின் முக்கோண முகப்பும் படுக்கையறை ஜன்னலும் தெரியும்.

எங்கள் வீட்டுக்கும் இந்தச் சந்தைக்கும் உள்ள பழக்கம் நான் பிறக்க முதலே தொடங்கிவிட்டது. எண்பதுகளின் கடைசியில் அம்மாவும் அப்பாவும் சென் ஜேம்ஸ் டவுன் தொடர்மாடியில் இருந்தார்கள். நகரின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் இன்று இருப்பதுபோல மூலைக்கு மூலை தமிழ்க்கடை அப்போது கிடையாது. வெண்டிக்காய், மரவள்ளிக்கிழங்கு, ஈரப்பலாக்காய், நல்ல உறைப்பான மிளகாய் வேண்டுமென்றால் ஸ்ரீட்கார் (வீதியில் ஓடும் ட்ராம் வண்டி) பிடித்து கென்சிங்டனில் இருந்த கரீபியன் கடைகளுக்குத்தான் போனார்கள். இப்போது நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். அதனால் இந்தச் சந்தையில் சாமானையும் பார்ப்பேன், கடைக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கும் வாடகை ஒப்பந்தத்தைப் பற்றியும் யோசிப்பேன். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் "அங்கை இப்ப ஒண்டும் இல்லையாமே, எல்லாத்தையும் இடிச்சுப்போட்டு மாடிவீடு கட்டப்போறாங்களாமே" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அங்கே நிறைய இருக்கிறது. இருப்பதைக் காப்பாற்றச் சண்டை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் மீன். போல்ட்வின் வீதியில் மீன்கடைகள் இருக்கின்றன. ஐஸ் மேலே முழு மீனாகக் கிடக்கும். தலையோடு தருவார்கள், தலையை வெட்டி எறிந்துவிட மாட்டார்கள். கரீபியன் ஆட்கள் கிங்ஃபிஷ் என்று கேட்பது எங்கள் அறுக்குளாவுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், துண்டு போட்டுக் குழம்பு வைக்க அருமையாக இருக்கும். சிவப்பு மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கடைக்காரர் தானே விடுவார். பெரிய சுப்பர்மார்க்கெட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், என்ன நடக்கிறது என்று.

ஆனால் நான் அங்கே போவதற்கு முதல் காரணம் உப்புப் போட்டுக் காயவைத்த கொட் மீன். போர்த்துக்கேயர் பக்கல்யாவ் என்பார்கள். ஐம்பதுகளில் இருந்து அசோர்ஸ் தீவுகளில் இருந்து வந்த குடும்பங்கள் இந்தச் சந்தைக்குள் கொண்டுவந்த சாமான் இது. பலகை மாதிரி விறைத்து, மேலே உப்புப் பூத்து, அடுக்கி வைத்திருப்பார்கள். நடுத்துண்டு தடிப்பு, விலை கூட. வால்பக்கமும் ஓரமும் மெல்லிசு, விலை குறைவு. அம்மா எப்போதும் வால்பக்கம்தான் வாங்குவா. "பிள்ளை, நடுத்துண்டு அவங்கட அவிக்கிற கறிக்கு. எங்கட குழம்புக்கு வால்தான் உப்புப் பிடிக்கும்" என்பா. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றி, காலையில் பிசைந்து பார்த்தால் இதழ் இதழாகப் பிரியும். சின்ன வெங்காயம், கத்தரிக்காய், பழப்புளி, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். ஊர்க் கருவாட்டின் மணம் அதில் வராது, ஆனால் புட்டுக்கு அதைவிடப் பொருத்தமான குழம்பு எனக்குத் தெரியாது. உப்பைச் சரியாக எடுக்காமல் சமைத்தால் ஒருவராலும் வாயில் வைக்க முடியாது, கவனம்.

மரக்கறிக்கு வருவோம். அகஸ்டா அவெனியூவிலும் கென்சிங்டன் அவெனியூவிலும் வாசலில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். வாழைக்காய், சேம்புக் கிழங்கு, அவகாடோ, மாம்பழம். பழுத்துப்போனதைப் பின்னேரம் ஒரு பையில் கட்டி அடிவிலைக்கு வைப்பார்கள். சம்பலுக்கோ ஜாமுக்கோ அது போதும். விலை எல்லாவற்றிலும் மலிவு என்று சொல்ல மாட்டேன். ஸ்காபரோ தமிழ்க்கடைகளில் மரக்கறி இதைவிட மலிவாகக் கிடைக்கும். சீஸ் விஷயத்தில் மட்டும் இந்தச் சந்தையை அடிக்க ஆள் இல்லை. கென்சிங்டன் அவெனியூவில் குளோபல் சீஸ் கடையில் வரிசை நகர நகர, கேட்டதையெல்லாம் சீவி நாக்கில் வைத்துப் பார்க்கத் தருவார்கள். என் மகன் அங்கேதான் ஆட்டுப்பால் சீஸ் சாப்பிடப் பழகினான். போல்ட்வின் வீதியில் பிளாக்பேர்ட் பேக்கரியின் புளித்த மாப் பாணும் நல்லது, வெள்ளன முடிந்துவிடும்.

அப்புறம் பழைய உடுப்பு. கென்சிங்டன் அவெனியூவின் கீழ்ப்பாதி முழுக்க இந்தக் கடைகள்தான். கரேஜ் மை லவ் என்ற கடை 1975 முதல் இருக்கிறது. உடுப்போடு பொத்தான், மணி, பழைய காப்பு என்று சின்னப் பெட்டிகளில் கொட்டி வைத்திருப்பார்கள். சட்டை தைக்கிற ஆட்கள் அந்தப் பொத்தான் பெட்டிகளைக் கிண்டத் தொடங்கினால் ஒரு மணித்தியாலம் போவது தெரியாது. மற்றக் கடைகளில் ஜீன்ஸ், தோல் ஜக்கெட், இராணுவக் கோட், கம்பளிச் சுவெட்டர் எல்லாம் வீதிக்கே தொங்கிக்கொண்டு நிற்கும். கோட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் உட்துணியைப் பாருங்கள், கைத்துளையை ஒட்டிக் கிழிந்திருக்கிறதா என்று. பிறகு கம்பளியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்; பூச்சி அரித்த ஓட்டை அப்போதுதான் தெரியும். ஸிப்பை மேலும் கீழும் இழுங்கள். அக்குளில் மணந்து பாருங்கள், வெட்கப்படத் தேவையில்லை, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு கடையில் நான் வாங்கின கோட்டின் உட்துணி இரண்டாம் நாளே பிரிந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனபோது "விற்றது விற்றதுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பற்றுச்சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது, ஆனால் சொன்ன விதம் சரியில்லை. வாங்க முதல் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். அகஸ்டாவில் ஜம்போ எம்பனாடாஸ் என்ற சிலி நாட்டுக் கடை. எங்கள் பற்றீஸின் பெரியண்ணன் போல ஒன்று, உள்ளே இறைச்சியும் வெங்காயமும் ஒலிவ் காயும் முட்டையும். ஒன்றே வயிறு நிரப்பும். கென்சிங்டன் அவெனியூவில் ராஸ்டா பாஸ்டா, ஜமேக்கக் கோழியையும் இத்தாலியச் சாப்பாட்டையும் கலந்து தருகிறது. அதே வீதியில் செவன் லைவ்ஸ் டாக்கோக் கடை, மீன் டாக்கோவுக்கு எப்போதும் வரிசை. இருந்து சாப்பிட இடம் குறைவு. கையில் வாங்கிக்கொண்டு பெல்வியூ சதுக்கப் பூங்காவுக்கு நடந்துவிடுங்கள். அங்கே நடிகர் அல் வாக்ஸ்மனின் சிலை இருக்கிறது. எழுபதுகளில் இந்தச் சந்தையைப் பின்னணியாக வைத்து வந்த தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கார் கொண்டுபோகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே கோபம் வந்துவிடும். ஸ்காபரோவில் இருந்து வருகிறவர்கள் சப்வேயில் ஸ்பாடைனா நிலையத்தில் இறங்கி 510 ஸ்ரீட்காரில் தெற்கே வந்தால் சந்தை வாசலிலேயே விடும். பொதுக் கழிப்பறை போதாத குறை பெரியது, சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்குக் கஷ்டம். பல கடைகளுக்கு ஒரு படி ஏறவோ இறங்கவோ வேண்டும். சக்கர நாற்காலியோடு உள்ளே போக முடியாது. பின் ஒழுங்கைகளில் குப்பை நாறும். பழைய உடுப்பின் விலையும் ஏறிவிட்டது. முன்பு மாணவர்கள் வாங்கிய ஜக்கெட்டை இன்று நல்ல சம்பளக்காரர்தான் யோசியாமல் வாங்கலாம். இந்தக் கடைசிக் குறைக்குக் காரணம் கடைக்காரரின் பேராசை என்று நினைக்கிறவர்கள் உண்டு. கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டு வாடகைக்கு, 2018 நவம்பருக்குப் பிறகு வந்த வீடுகளைத் தவிர, வருடத்துக்கு இவ்வளவுதான் கூட்டலாம் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. கடை வாடகைக்கு அப்படி ஒன்றுமே கிடையாது. ஒப்பந்தம் முடிகிற அன்று சொந்தக்காரர் இரண்டு மடங்கு கேட்டாலும் சட்டப்படி சரி. ஒப்பந்தமே இல்லாமல் மாதத்துக்கு மாதம் இருக்கிற கடைகளும் உண்டு. அடிப்படை வாடகைக்கு மேலே சொத்துவரி, பராமரிப்பு, காப்புறுதி மூன்றையும் கடைக்காரர் தலையிலேயே கட்டுவார்கள். அந்தச் சொத்துவரி கட்டடத்தின் சந்தை மதிப்பைப் பார்த்துப் போடப்படுகிறது. பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம் எழும்பினால், அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற எதிர்பார்ப்பு விலையில் ஏறும், மறுமதிப்பீடு செய்கிறபோது விலை மதிப்பில் ஏறும், மதிப்பு வரியில் ஏறும். பாண் விற்கிறவர் ஒரு பாண்கூட அதிகம் விற்காமலே அவரது செலவு கூடிவிடும். வாடகை பதினைந்து நாள் பிந்தினால் அடுத்த நாள் சொந்தக்காரர் பூட்டை மாற்றலாம், நீதிமன்றம் போகத் தேவையில்லை. சில ஒப்பந்தங்களில் "இடிப்பு" என்று ஒரு பிரிவு ஒளிந்திருக்கும். கட்டடத்தை இடிக்கப்போகிறோம் என்று அறிவித்தல் கொடுத்தால், இன்னும் எத்தனை வருடம் ஒப்பந்தம் இருந்தாலும் கடை எழும்ப வேண்டும். கடை எடுக்கிற எங்கள் ஆட்களுக்கு நான் முதலில் விரல் வைத்துக் காட்டுவது அந்தப் பிரிவைத்தான். நகரசபை 2022 முதல் சின்ன வியாபாரச் சொத்துகளுக்கு வரியில் 15 வீதம் குறைத்தது. நல்ல காரியம். ஆனால் அது வாடகை என்ற பெரிய மலையைத் தொடாது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் கென்சிங்டன் ஆட்கள் ஏன் ஒவ்வொரு மறுகட்டமைப்புத் திட்டத்துக்கும் முன்னால் வந்து நிற்கிறார்கள் என்பது விளங்கும். பழைய செங்கல் மேல் உள்ள ஆசை மட்டும் காரணம் என்று சொல்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. ஒரு வாசல் அகலமும் ஒரு அறை ஆழமும் உள்ள கடை ஒருவரால் எடுத்து நடத்தக்கூடிய அளவு. சின்ன இடம், சின்ன முதல். ஊரில் இருந்து வந்து மூன்று வருடத்தில் ஒருவர் கடை போட முடிந்தது அதனால்தான். நாலு வீட்டை இடித்து ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுப்பினால் கீழ்த்தளத்தில் ஒரே பெரிய இடம்தான் வரும். அதற்கு வாடகை கட்ட வங்கியாலும் மருந்துக்கடைச் சங்கிலியாலும்தான் முடியும். உப்பு மீன் விற்கிறவரால் முடியாது.

சண்டை இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த யூதர்கள் தள்ளுவண்டியோடு இங்கே வந்து வீட்டு முற்றத்தில் வியாபாரம் தொடங்கினார்கள். அந்நாளில் சுற்றுவட்டாரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட யூத ஆலயங்கள் இருந்தனவாம். இப்போது சந்தைக்குள் நிற்பவை கீவர், மின்ஸ்கர் என்ற இரண்டு. பிறகு போர்த்துக்கேயர், கரீபியன் மக்கள், சீனர், வியட்நாமியர், லத்தீன் அமெரிக்கர். ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டம் விட்ட கடையில்தான் ஏறியது. அறுபதுகளில் நகரசபை "நகரப் புதுப்பிப்பு" என்று சொல்லிப் பழைய குடியிருப்புகளை ஒட்டுமொத்தமாக இடித்துக்கொண்டிருந்தது. டண்டாசுக்குத் தெற்கே அலெக்சாண்ட்ரா பார்க் அப்படித்தான் மாறியது. முதலாவது சைனாடவுன் எலிசபெத் வீதியில் இருந்தது. 1965ல் திறந்த புதிய நகர மண்டபத்துக்காக அதில் பெரும்பகுதியை இடித்தார்கள். அங்கிருந்து கிளம்பியவர்களில் பலர் ஸ்பாடைனாவுக்கு வந்தார்கள். கென்சிங்டனுக்கும் அதே கதி வரும் என்று கண்ட குடியிருப்பாளர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், இடிப்பு வரவில்லை.

அதே காலத்தில் ஸ்பாடைனா நெடுஞ்சாலை என்று ஒன்று வரவிருந்தது. சந்தையின் கிழக்கு ஓரமான ஸ்பாடைனா வீதிக்கே அதன் வாகனங்கள் வந்து இறங்கியிருக்கும். அமெரிக்காவில் இருந்து 1968ல் ரொறன்ரோவுக்குக் குடிவந்த நகரச் சிந்தனையாளர் ஜேன் ஜேக்கப்ஸ் உட்படப் பலர் எதிர்த்து நின்றார்கள். 1971 ஜூன் 3ம் திகதி மாகாண முதல்வர் பில் டேவிஸ் அதை நிறுத்தினார். அந்தத் திட்டத்தில் கட்டிய துண்டான அலன் வீதியால் காரில் தெற்கே வருகிறவர்கள் எக்ளின்டனில் வீதி திடீரென்று முடிந்து வாகன நெரிசலில் நிற்கிறபோது திட்டுவார்கள். அந்த முடிவு அங்கே இருப்பதால்தான் ஸ்பாடைனாவில் இன்று ஸ்ரீட்கார் ஓடுகிறது, மீன்கடை இருக்கிறது.

என் தலைமுறைக்கு நினைவில் நிற்பது 2013. பாதர்ஸ்ட் வீதியில் குரோமர் ரேடியோ என்ற பழைய மின்சாதனக் கடை இருந்த நிலத்தில் ரியோகான் நிறுவனம் ஒரு பெரிய கடைத்தொகுதி கட்ட வந்தது, அதில் வால்மார்ட் வரும் என்று செய்தி. சந்தையில் இருந்து சில நிமிட நடை. கென்சிங்டன் சந்தையின் நண்பர்கள் என்று ஒரு குழு அமைந்தது. இணையத்தில் பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவுடைய பெயரை நான்தான் தட்டச்சுச் செய்து போட்டேன். அந்தக் கோடையில் நகரசபை பாதர்ஸ்ட் வீதியில் பெரிய கடைகளுக்கு இடைக்காலத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வால்மார்ட் விலகியது. கட்டடம் பிறகு வந்தது, வால்மார்ட் வரவில்லை. மலிவு சாமான் ஏழைகளுக்குக் கிடைக்காமல் செய்துவிட்டார்கள் என்று அப்போது சிலர் சொன்னார்கள். சந்தையில் மீனும் மரக்கறியும் வாங்கிக்கொண்டிருந்த பலர் ஏழைகள்தான். அவர்களுக்கு ஒரு கடையை மட்டும் நம்பி இருக்க வேண்டிய நிலை வரவில்லை என்பதை அந்த ஆட்கள் கணக்கில் எடுக்கவில்லை.

எதிர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்திலேயே பார்த்தோம். புளூரும் பாதர்ஸ்டும் சந்திக்கிற மூலையில் ஹொனஸ்ட் எட்ஸ் இருந்தது, 1948ல் தொடங்கிய கடை. கனடாவுக்கு வந்த எத்தனையோ குடும்பங்களின் முதல் சட்டியும் முதல் பூட்ஸும் அங்கே வாங்கியவை. எங்கள் வீட்டு இட்லிப் பானைக்கு மூடியாக இன்றும் இருப்பது அங்கே வாங்கிய அலுமினிய மூடி. 2013ல் நிலம் விற்கப்பட்டது, 2016 டிசம்பர் 31ம் திகதி கடை மூடியது. பின்னால் மார்க்கம் வீதியில் இருந்த சின்னப் புத்தகக் கடைகளும் ஓவியக் கடைகளும் கூடப் போய்விட்டன. இப்போது அந்த இடத்தில் வாடகை மாடிகள் நிற்கின்றன. வீடு தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து போன சின்னக் கடைக்காரர்களுக்கு மாற்றாக ஒரு இடமும் இந்த நகரம் உண்டாக்கவில்லை.

2006ல் கென்சிங்டன் சந்தையைக் கனடாவின் தேசிய வரலாற்றுத் தலம் என்று அறிவித்தார்கள். பலகை வைத்தார்கள். பலர் இதை நம்பி, இனி ஒன்றும் செய்ய முடியாது, சந்தை பத்திரம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பட்டம் ஒரு கௌரவம் மட்டும்தான். தனியார் கட்டடத்தை இடிப்பதை அதனால் தடுக்க முடியாது. கட்டடத்தைக் காப்பாற்றுகிற சட்டம் மாகாணத்திடமும் நகரசபையிடமும்தான் இருக்கிறது. அதுவும் கல்லைக் காப்பாற்றும், கடைக்காரரைக் காப்பாற்றாது. முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பவரை வாடகையால் எழுப்பிவிடலாம்.

அதனால்தான் எனக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கை தருவது கென்சிங்டன் சந்தைச் சமூக நிலப் பொறுப்பகம். 2021ல் அவர்கள் நகரசபையின் பண உதவியோடு கென்சிங்டன் அவெனியூ 54, 56ம் இலக்கக் கட்டடத்தை விலைக்கே வாங்கிவிட்டார்கள். கீழே கடைகள், மேலே வாடகைக்கு இருக்கிற குடும்பங்கள். பொறுப்பகம் இலாபம் எடுப்பதில்லை, கட்டடத்தைத் திரும்ப விற்பதற்காக வைத்திருப்பதும் இல்லை. வாடகை என்பது கடனையும் திருத்த வேலையையும் வரியையும் கட்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. நிலத்தின் விலை வெளியே எவ்வளவு ஏறினாலும் உள்ளே இருப்பவரின் வாடகையைத் தீர்மானிப்பது அது இல்லை. கணக்குப் புத்தகம் பார்க்கிற எனக்கு இதைவிடத் தெளிவான வழி தெரியவில்லை. ஒரு கட்டடம் சின்ன ஆரம்பம், ஆனாலும் கையெழுத்து வேட்டையும் ஊர்வலமும் தர முடியாத ஒன்றை அது தந்திருக்கிறது: அடுத்த மாத வாடகை என்னவாகும் என்ற பயம் இல்லாமல் கடை திறக்கிற காலை.

வீட்டு நெருக்கடி இருக்கிற நகரத்தில் இரண்டு மாடிச் சந்தையை அப்படியே வைத்திருப்பது நியாயமா என்று என் தம்பி கேட்கிறான். அவன் வாடகைக்கு இருக்கிறவன், அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் சொல்வது இது. சந்தையைச் சுற்றி நாலு பெரிய வீதிகளிலும் ஸ்ரீட்கார் ஓடுகிறது. அங்கே உயரமாகக் கட்டட்டும், நிறையக் கட்டட்டும். உள்ளே இருக்கிற மாடி அறைகளில் இப்போது குறைந்த வாடகைக்கு இருக்கிறவர்களை எழுப்பி, அந்த அறைகளைச் சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விட்டால் ஒரு வீடும் கூடாது, குறையும். கடைக்கு மேலே குடியிருப்பு என்ற பழைய ஒழுங்கைக் காப்பாற்றுவதே வீட்டைக் காப்பாற்றுவதுதான். இதை அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. சீஸ் வாங்க மட்டும் தவறாமல் கூட வருவான்.

எப்போது போவது என்று கேட்டால், சாமான் வாங்குகிறவர்கள் வார நாளில் காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள். கடைக்காரருக்குக் கதைக்க நேரம் இருக்கும், மீனும் புதிதாக இருக்கும். வேடிக்கை பார்க்க என்றால் மே முதல் ஒக்டோபர் வரை மாதத்தின் கடைசி ஞாயிறு. 2004ல் தொடங்கிய ஏற்பாடு இது. அன்றைக்கு வீதிகளில் வாகனம் கிடையாது, மேளமும் பாட்டும் தெருச் சாப்பாடும்தான். சனம் நெரியும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். டிசம்பர் 21ம் திகதி இரவு நடக்கிற குளிர்கால ஊர்வலத்துக்கு நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். காகித விளக்கும் பொம்மைகளுமாக வீதியெல்லாம் நடந்துபோய்க் கடைசியில் ஒரு பூங்காவில் நெருப்பு மூட்டுவார்கள். நிறுவன விளம்பரம் எதற்கும் அதில் இடமில்லை.

பெரும்பாலான கடைகளில் அட்டை எடுக்கிறார்கள். ஆனாலும் சின்னக் கடையில் ஐந்து டொலருக்குக் கீழே வாங்கினால் காசாகக் கொடுங்கள். அட்டை நிறுவனம் எடுக்கிற கழிவு அந்த மீன்காரரின் இலாபத்தில் இருந்துதான் போகிறது.

கடைசியாக ஒன்று. ரொறன்ரோவில் ஒரு கட்டடத்துக்குத் திட்ட விண்ணப்பம் போட்டால் வாசலில் பெரிய அறிவித்தல் பலகை வைப்பார்கள், அதில் எத்தனை மாடி, எங்கே கருத்து அனுப்புவது, எப்போது கூட்டம் என்று இருக்கும். முன்பு நகரசபை அனுமதித்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள் மாகாண நில நடுவர் மன்றத்துக்கு மேன்முறையீடு போகலாம். 2024 ஜூனில் வந்த சட்ட மாற்றத்தோடு, நில வகைப்பாட்டு மாற்றங்களில் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதியை மாற்றுவதில்) குடியிருப்பாளர்களுக்கு இருந்த அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டார்கள். கட்டுகிறவருக்கு வழி இன்னும் திறந்தே இருக்கிறது. ஆகவே நகரசபை முடிவெடுக்க முதல் சொல்வதுதான் இப்போது சொல்லக்கூடிய நேரம். சந்தையில் நடக்கும்போது அப்படிப் பலகை கண்டால் கைபேசியில் ஒரு படம் எடுங்கள், விண்ணப்ப இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே இருக்கிற முகவரிக்கு இரண்டு வரி எழுதுங்கள். கென்சிங்டனில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஸ்காபரோவில் இருந்தும் மார்க்கம் நகரத்தில் இருந்தும் எழுதலாம். நீங்கள் எந்தக் கடையில் என்ன வாங்குகிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதினால் இன்னும் நல்லது.

என் மதிப்பீடு ஐந்துக்கு நாலரை. போதிய கழிப்பறையும் சக்கர நாற்காலிக்கு வழியும் வந்தால் மீதி அரையையும் போடுவேன்.